வண்டி வரும்வரை எரிந்த வீடு

மானாம்பதி காலனியில் ஞானதாஸின் கூரை வீடு 1972 பங்குனியில் பற்றிக்கொண்டு 1984 ஆவணி வரை எரிந்தது. உள்ளே அவன் மனைவி அம்முலு இருந்தாள். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஆட்டுக்குட்டியைத் தூக்கிவர உள்ளே ஓடியவள், விட்டம் விழுந்து வாசலை மறித்துக்கொண்டதால் அங்கேயே நின்றுவிட்டாள். காலனி சனம் முழுக்கக் குடம் குடமாகக் கொட்டியும் தீ குறையவில்லை, கூடவும் இல்லை. மறுநாள் ஜீப்பில் வந்த அதிகாரி சுற்றிப் பார்த்துவிட்டு, உத்திரமேரூர்ப் பக்கத்துக்குத் தீயணைப்பு வண்டி சாங்ஷன் ஆகிவிட்டது, வரும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். ஞானதாஸ் அதை நம்பினான். நம்பியதோடு நிற்காமல் வீட்டருகே போய்க் கத்தி அவளிடமும் சொன்னான். சர்க்கார் வார்த்தைக்குக் காலனியில் அப்போது அவ்வளவு மதிப்பு. "சரிய்யா, வரட்டும்" என்று அம்முலு குட்டியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். தீயும் அதைக் கேட்டிருக்க வேண்டும், அதுவும் பொறுத்துக்கொண்டது.

மெட்ராசில் தீயணைப்பு வண்டிக்குப் பாடி கட்டும் கம்பெனிகள் அப்போது மூன்று. டெண்டர் விட்டபோது மூன்றும் மூன்று கவரில் ஒரே விலையைப் போட்டன. சில்லறைக் காசுவரை ஒரே விலை, அதுவும் சாங்ஷன் ஆன தொகைக்கு மேலே. டெண்டரை ரத்து செய்தார்கள். மறுவருடம் தொகையைக் கூட்டினார்கள், கம்பெனிகளும் ஒன்றுபோல் கூட்டின. நெல் விலை ஏறியது, இறங்கியது. எமர்ஜென்சி வந்தது, போனது. இந்த விலைக்கு மட்டும் இறங்கத் தெரியவில்லை. ஞானதாஸ் தினமும் கழனி வேலை முடிந்து சேற்றுக் காலோடு வந்து தீயின் பக்கத்தில் உட்காருவான்.

"இன்னாமே, சுடுதா?"

"சுடலய்யா. பேஜாராதான் கீது. வண்டி இன்னா ஆச்சி?"

"வருதாம்."

ஒரு மனுஷன் தன் பெண்டாட்டிக்குப் பன்னிரண்டு வருடம் சொன்ன பதில் இது. எழுதுகிற எனக்கே வயிறு எரிகிறது, அந்த முதலாளிகளுக்கு ஏப்பம்கூட நிற்கவில்லை. உள்ளே அம்முலுவுக்கு ஒரு முடி நரைக்கவில்லை, குட்டிக்குக் கொம்பு முளைக்கவில்லை. வெளியே உட்கார்ந்திருந்தவனைத்தான் அனல் தின்றது. முப்பதைத் தாண்டியதும் தலை வெளுத்தது, முதுகு கூனியது, கண்ணில் புரை விழுந்தது. காலனிக்காரர்கள் மழைக்காலத்தில் அந்தத் தீயில் துணி உலர்த்தப் பழகிக்கொண்டார்கள்.

அம்முலுவின் அண்ணன் ஐசக், அந்த மூன்றில் ஒரு கம்பெனியில் வண்டிக்குச் சிவப்புப் பெயின்ட் அடிக்கிறவன். ஒரு கிறிஸ்துமசுக்கு ஊருக்கு வந்தவன், தங்கை காதில் விழாதபடி மச்சானைத் தள்ளிக்கொண்டு போய்ச் சொன்னான். "மூணு மொதலாளிங்களும் ஒரே டேபிள்ள குந்திகினு பேசித்தான் ரேட்டு போடறானுங்க மச்சான். இந்த ஜில்லா உனுக்கு, அந்த ஜில்லா எனுக்குன்னு பங்கு வேற. நான்தான் டீ வாங்கியாந்து வெச்சேன்."

ஞானதாஸ் அன்றைக்கு ராத்திரி சோறு தின்னவில்லை. மறுநாள் ஜில்லா ஆபீசுக்குப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்று சொன்னான். அங்கிருந்த பெரிய அதிகாரி சிரித்தார். மூன்று பேரும் ஒரே விலை சொன்னால் அதுதானப்பா நியாயமான விலை என்றார். "சந்தைல மூணு பொம்பளைங்க கத்திரிக்கா வித்தாலே மூணு ரேட்டு சொல்லுவாங்க சாமி" என்றான் ஞானதாஸ். கத்திரிக்காய் வேறு, வண்டி வேறு என்று அனுப்பிவைத்தார்கள். விசாரணை என்று ஒன்று நடந்தது. மூன்று முதலாளிகளும் இரும்பு விலையைக் காரணம் காட்டினார்கள். எதுவும் நிரூபணமாகவில்லை. ஐசக்கின் வேலைதான் போயிற்று.

எண்பதில் பெரிய கம்பெனி மற்ற இரண்டையும் வாங்கி, அவற்றின் பட்டறைகளை இழுத்துப் பூட்டியது. இனிமேலாவது கூடிப் பேச ஆள் இல்லை என்று ஞானதாஸ் சந்தோஷப்பட்டான், பாவம். மூன்று டெண்டராவது வந்தால்தான் திறக்கலாம் என்று சட்டம். வந்ததோ ஒன்று. அதையும் ரத்து செய்தார்கள், அடுத்த வருடமும் ரத்து செய்தார்கள். அப்புறம் கம்பெனிக்கே இரக்கம் வந்து, செத்துப்போன இரண்டு கம்பெனிகளின் பெயரையும் சேர்த்து மூன்று கவர் அனுப்பியது. ஒரே டைப்ரைட்டர், ஒரே விலை, பழைய விலையைப் போல மூன்று மடங்கு. சட்டப்படி மூன்று வந்துவிட்டதால் அதிகாரிகள் நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டார்கள்.

ஆவணியில் வண்டி வந்தது. மேளம், மாலை, பளபளவென்று சிவப்பு. தீக்குள் அம்முலு எழுந்து புடவையை உதறிக் கட்டிக்கொண்டாள். ஓஸ் பைப்பை இழுத்துப் பிடித்தார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. டிரைவர் தலையைச் சொறிந்தான்.

"பம்பு இல்லீங்க. பம்புக்குத் தனி டெண்டராம்."

மேளம் நின்றது. உள்ளேயிருந்து அம்முலுவின் குரல் வந்தது.

"அடப்பாவிங்களா, இதுக்கா இத்தினி வருசம் குந்திகினு இருந்தேன்?"

வாசலை மறித்திருந்த விட்டத்தை ஒரு உதை விட்டாள். அது எப்போதோ கரியாகியிருந்தது, பொலபொலவென்று உதிர்ந்தது. குட்டியை இடுக்கிக்கொண்டு அவள் வெளியே வர, தீ நாய்க்குட்டி மாதிரி அவள் பின்னாலேயே வந்தது. நேராக வண்டியிடம் போய் அதன் கதவில் ஓங்கி அறைந்தாள். தீ அவளை விட்டு வண்டியில் ஏறிக்கொண்டது. அதிகாரிகள் ஜீப்புக்கு ஓடினார்கள்.

ஞானதாஸ் அவள் கையைத் தொட்டுப் பார்த்தான். ஜில்லென்று இருந்தது.

"இத அன்னிக்கே செஞ்சிருக்கலாமே" என்றான்.

"நீதான்யா பொறுத்துக்கோன்ன."

வண்டி ரோட்டோரத்திலேயே நின்று எரிகிறது. அதை அணைக்க இன்னொரு வண்டி கேட்டு டெண்டர் விட்டிருக்கிறார்கள், கம்பெனி விலை சொல்லியிருக்கிறது.

அடுத்த வாரம் இருவரும் உத்திரமேரூருக்கு பஸ் ஏறினார்கள். கண்டக்டர் ஞானதாஸின் வெள்ளைத் தலையைப் பார்த்து, "பெரியவரே, பொண்ணுக்கும் சேத்து டிக்கெட்டா?" என்றான்.

ஞானதாஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"பொண்ணு இல்ல, பொண்டாட்டி" என்றாள் அம்முலு. "ரெண்டு குடு."

கண்டக்டர் இரண்டு டிக்கெட் கிழித்துக் கொடுத்தான். பஸ் எரியும் வண்டியைச் சற்று ஒதுங்கித் தாண்டி, வழக்கமான நேரத்துக்கு உத்திரமேரூர் போய்ச் சேர்ந்தது.