ஏழாவது தாள்

அந்தப் பள்ளிக்கூடத்தில் கால் வைத்ததும் நான் பார்த்தது ஒரு அடியைத்தான். மணியை இரண்டு நிமிடம் தாமதமாக அடித்த காவலாளியின் கன்னத்தில் தலைமையாசிரியர் பளாரென்று ஒன்று விட்டார். தொப்பி சுவரோரம் போய் விழுந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, "வாங்கம்மா, உங்களுக்காகத்தான் காத்திருக்கோம்" என்றார். சிரிப்பு வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சர்வே எடுக்கப் போகிறவள் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது ஆபீஸ் விதி. மூடிக்கொண்டேன்.

ஆசிரியர்களின் வேலைச் சூழலைப் பற்றிய சர்வே. நாற்பது கேள்விகள். கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, வகுப்புக்கு எத்தனை பிள்ளைகள் என்று சாதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது பதினான்காவது கேள்வி வரும்: 'கடந்த ஓராண்டில் பள்ளிக்குள் யாராவது உங்களை அடித்ததுண்டா? அடித்தவர் யார்? எத்தனை முறை?' கட்டங்களில் டிக் போட்டு, ஒரு எண்ணை எழுதினால் போதும். பெயர் கிடையாது, கையெழுத்து கிடையாது.

"யார் எழுதினதுன்னு கடவுளுக்கே தெரியாது. அதுக்கு நான் பொறுப்பு" என்று பதினெட்டு பேரிடமும் சொன்னேன்.

அறிவியல் டீச்சர் வலது காதை என் பக்கம் திருப்பிக் கேட்டார். இடது காது கேட்காது போலிருக்கிறது. "நீங்க சாயங்காலம் பஸ் ஏறிப் போயிடுவீங்க. அப்புறம்?"

"அப்புறமும் நான்தான் பொறுப்பு, டீச்சர்." பெரிய இவள் மாதிரி சொன்னேன்.

ஆசிரியர்கள் கையில் கொடுத்தால் எதையும் பரீட்சையாக்கிவிடுவார்கள். கூடத்தில் மேசைக்கு ஒருவராக உட்கார்ந்தார்கள். மேசைகளில் சாக்பீஸால் ஒன்று முதல் பதினெட்டு வரை எண் போட்டிருந்தது. ஆறில் கணக்கு வாத்தியார். தலைமையாசிரியரின் மச்சினன் அவர். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஏழில் அறிவியல் டீச்சர். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தலைமையாசிரியரே மேற்பார்வைக்கு நடந்தார். இதைப் பார்த்து நான் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு என்னையே செருப்பால் அடிக்க வேண்டும்.

பதினெட்டாம் எண் ஓவிய வாத்தியார் பத்தே நிமிடத்தில் முடித்து, தாளை என் மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார். மீதி பதினேழையும் தலைமையாசிரியர் வரிசை மாறாமல் வாங்கி, ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிக் கொடுத்தார். நான் ஓவிய வாத்தியாரின் தாளை அந்தக் கட்டின் மேல் வைத்தேன். அந்த நேரம் பார்த்து ஆபீஸிலிருந்து போன். உள்ளே சிக்னல் இல்லை. கட்டை மேசையிலேயே விட்டுவிட்டு வராந்தாவுக்குப் போனேன். இரண்டு நிமிடம்தான்.

திரும்பி வந்தபோது கூடத்தில் தலைமையாசிரியர் மட்டும் இருந்தார். கட்டு அவர் கையில். காலி மேசைகளைப் பார்த்து விரலால் எண்ணிக்கொண்டிருந்தார். "அஞ்சு, ஆறு, ஏழு."

"சார், அதைக் கொடுங்க!"

கொடுத்தார். "பாத்துட்டேன்மா. ஒருத்தரைத் தவிர எல்லாரும் தங்கமானவங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

அவசரமாகப் புரட்டினேன். பதினான்காவது கேள்விக்கு எல்லோரும் 'இல்லை'. ஏழாவது தாளில் மட்டும் 'ஆம்'. அடித்தவர் தலைமையாசிரியர். மூன்று முறை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆய்வுக்கூடத்தில் கண்ணாடி உடையும் சத்தம் கேட்டது.

ஓடும்போதுதான் உறைத்தது. மேலே இருப்பது ஓவிய வாத்தியாரின் தாள். எல்லாம் ஒன்று தள்ளிப் போயிருக்கிறது. ஏழாவது தாள் ஆறாம் மேசையுடையது.

ஆய்வுக்கூடத்தில் தலைமையாசிரியர் டீச்சரின் கூந்தலைக் கையில் சுற்றி, முகத்தை அலமாரியில் மோதிக்கொண்டிருந்தார். "மூணு தடவையா? எண்ணி வச்சிருக்கியா? இந்தா, நாலு!" கண்ணாடியெல்லாம் ரத்தம். "இந்தா, அஞ்சு!"

"நான் எழுதல சார்! சத்தியமா நான் எழுதல!"

அது அவங்க இல்லை என்று கத்த வாயைத் திறந்தேன். வாசலில் ஆறாம் மேசைக் கணக்கு வாத்தியார் நின்றார், முகத்தில் பொட்டு ரத்தமில்லை. நான் கத்தினால், அப்படியானால் யார் என்று அடுத்த கேள்வி வரும். ஒருத்தியைக் காப்பாற்ற இன்னொருவரைக் காட்டிக்கொடுக்க வேண்டும். திறந்த வாய் திறந்தபடியே நின்றது.

சோதனைக்குழாய் மாட்டும் இரும்புத் தாங்கி கைக்குக் கிடைத்தது. ஓங்கி அவர் தோளில் போட்டேன். டீச்சரை விட்டுவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. கீழே விழுந்ததும் விலாவில் உதைத்தார். மூச்சு நின்று போயிற்று. மறுபடி காலை ஓங்கினார். ஆனால் உதை விழவில்லை. டீச்சர் அந்தத் தாங்கியை எடுத்து அவருடைய இன்னொரு காலின் முட்டியில் இறக்கியிருந்தார்.

"இது ஆறு" என்றார்.

மனுஷன் அலறிக்கொண்டு சரிந்தார். வராந்தா முழுக்க ஆசிரியர்கள். ஒருவரும் அவரைத் தூக்க வரவில்லை. யாரோ ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார்கள். கணக்கு வாத்தியார் தரையில் உட்கார்ந்து, தன் கைக்குட்டையை டீச்சரின் நெற்றியில் வைத்து அழுத்தினார்.

"நான் எழுதல" என்றார் டீச்சர் என்னிடம்.

"தெரியும், டீச்சர்."

"யாருன்னும் தெரியுமா?"

"தெரியும்." கைக்குட்டை பிடித்த கை அசையாமல் நின்றது.

"அடி விழும்போதே தெரியுமா?"

"தெரியும்."

என்னை அவர் பார்த்த பார்வைக்கு அந்த உதையே தேவலாம். வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டேன். டீச்சர் கணக்கு வாத்தியாரின் கையை மெதுவாக விலக்கிவிட்டு, கைக்குட்டையைத் தானே பிடித்துக்கொண்டார். யார் என்று அதற்குமேல் கேட்கவில்லை.

"என் தாளை எடுங்க" என்றார் என்னிடம்.

வாங்கின தாளில் யாரும் கை வைக்கக் கூடாது. அதுவும் ஆபீஸ் விதி. கணக்கு வாத்தியார்தான் போய்க் கட்டை எடுத்து வந்தார். நன்றாயிருந்த கையால் எட்டாவது தாளை உருவிப் பேனாவோடு கொடுத்தேன். டீச்சர் அதைத் தரையில் விரித்து, பதினான்காவது கேள்வியில் 'இல்லை'யை அடித்துவிட்டு 'ஆம்' என்பதில் டிக் போட்டார். எத்தனை முறை என்ற கட்டத்தில் பேனா நின்றது.

"இன்னைக்கு விழுந்ததும் சேருமா?"

"சேரும், டீச்சர்."

அவர் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். ஒரு கை போதவில்லை. கைக்குட்டையைக் கீழே வைத்துவிட்டு, நெற்றியில் ரத்தம் வழிய வழிய அடுத்த கையில் எண்ணினார்.