அண்டாவுக்குப் போன பரங்கிக்காய்

நெமிலிச்சேரி சபையில் அறுப்பின் பண்டிகைக்கு வருகிற காய்களில் எது பெரியதோ, அது பீடத்தின் நடுவில் உட்காரும். கொண்டுவந்தவர் பெயரை பாஸ்டர் வாசிப்பார். நான்கு வருடமாக அந்தப் பெயர் ஜெகதீசன். பூந்தமல்லியில் இரும்புக்கடை வைத்திருக்கிறார். மண்வெட்டியை விற்றிருக்கிறாரே தவிர, பிடித்ததில்லை.

இந்த வருடம் கமிட்டி ஒரு விதி போட்டது. காணிக்கையும் சரி, மதியச் சாப்பாடும் சரி, சுற்றுவட்டாரத்தில் விளைந்ததாக இருக்க வேண்டும். விதி போடச் செலவில்லை என்பதால் ஒருமனதாக நிறைவேறியது.

அதை நம்பியவர் பால்ராஜ். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர். ஒரு தடவையாவது தன் பெயர் வாசிக்கப்பட வேண்டும் என்று, வீட்டுக்குப் பின்னால் பரங்கிக் கொடி போட்டு, ஆர்.ஓ. மெஷின் கழிக்கும் தண்ணீரை ஐந்து மாதம் சுமந்து ஊற்றினார். காய்த்தது ஒன்றே ஒன்று, பதினோரு கிலோ. சனிக்கிழமை மாலை பீடத்தில் ஜெகதீசனின் காய்க்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தன்னுடையது ஒரு பிடி பெரிது. நன்றாகத் தூங்கினார்.

ஞாயிறு காலை பீடத்தில் ஒரு பரங்கிக்காய்தான் இருந்தது, ஜெகதீசனுடையது. நேராகச் சமையல் கொட்டகைக்குப் போனார். கள்ளிக்குப்பத்துச் சமையல்காரர் கன்னியப்பன் அண்டாவைக் கிண்டிக்கொண்டிருந்தார்.

"என் காய் எங்க, கன்னியப்பா?"

"இதோ, கூட்டுல கீது அண்ணாத்தே."

"பீடத்துல வெச்சத எட்தாந்து வெட்டுவியா?"

"சாமிக்குப் படைச்சாச்சு. அப்பால இன்னா, ஆக்கித் துன்றதுதானே?"

"ரெண்டு இருந்துச்சே! அவுரு காய எடுக்கறது?"

"இந்த ஊர்க் காய்தான் ஆக்கணும்னு உங்க கமிட்டிதானே சொல்லிச்சு? அவுரு காயத் திருப்பிப் பாத்தேன். அடியில மண்டிக்காரன் பெயிண்ட்ல நம்பர் போட்டு கீறான். முப்பது வருசமா மார்க்கெட்டு போய்வரேன், எங்கிட்டயேவா? உன்னுதுதான் அசல் ஊட்டுக் காய்."

மணி அடித்தது. அண்டாவிலிருந்து காயைத் திரும்ப எடுக்கும் வழி யாருக்கும் தெரியாததால் பால்ராஜ் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். "நம் மண்ணின் பலன்" என்று சொல்லி பாஸ்டர் ஜெகதீசனின் பெயரை வாசித்தார். சபை கைதட்டியது. பால்ராஜும் தட்டினார், பழக்கம்.

பந்தியில் பரிமாற, கூட்டு வாளியை பால்ராஜே கேட்டு வாங்கிக்கொண்டார்.

"இன்னா ருசி பா!" என்றார் ஜெகதீசன், இலையை வழித்தபடி. "இன்னொரு கரண்டி போடு. எந்த ஊர்க் காய் இது?"

"எங்க ஊட்டுக்குப் பின்னாடி காய்ச்சதுண்ணே. உங்களுது எந்த மண்டி? அடியில நம்பர் போட்டு கீதாமே."

பாஸ்டர் ரசத்தை உற்றுப் பார்த்தார். ஜெகதீசன் இலைக்கு மேல் கையை விரித்து, "போதும், போதும்" என்றார்.

பால்ராஜ் நிறைந்த கரண்டியோடு நகராமல் நின்றார்.

"நீங்க கேட்டதுதாண்ணே. கைய எடுங்க, சுடும்."

ஜெகதீசன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கையை எடுத்தார்.