எல் வரைக்கும் இங்கிலீஷ்

பன்னிரண்டு வருஷமாக நின்றபடியே துணி தேய்த்ததில் இஸ்திரிக்காரருக்குக் கால் நரம்பெல்லாம் சுருண்டுவிட்டது. அந்தப் பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் ஒரே ஒரு நாற்காலிதான், அதுவும் சூப்பர்வைசருடையது. இப்போது அது காலி. ஆனால் அதில் உட்கார, மேனேஜரிடம் இங்கிலீஷில் பேசித் தேற வேண்டும். கூடத்தில் மேனேஜருக்குத் துரை என்று பட்டப்பெயர். மனுஷன் வாயைத் திறந்தால் இங்கிலீஷ்தான்.

மைத்துனன் நடைபாதைக் கடையில் பாதி விலைக்கு ஒரு புத்தகம் வாங்கி வந்தான். ஏ முதல் இசட் வரை சொல், பொருள், உதாரண வாக்கியம். பிரித்துப் பார்த்தால் பொருள் அத்தனையும் உருது.

"அட்டைய மட்டும் பாத்து வாங்கினியாடா?" என்று தம்பியைப் பிடித்துக்கொண்டாள் இஸ்திரிக்காரரின் மனைவி. "உன் மச்சானுக்கு இங்கிலீஷே தகராறு. இதுல உருது வேறயா?"

மாடி வீட்டு டிரைவருக்கு உருது படிக்கத் தெரியும். காலையில் வண்டி எடுக்கும் முன் வந்து பொருள் சொன்னார். ஆனால் எதையும் சுருக்கிச் சொல்லிப் பழக்கமில்லாத ஆள். 'லேசினஸ்' என்றால் சோம்பல் என்று விளக்க, தன் சித்தப்பாவின் முழு வரலாற்றையும் எடுத்துவிட்டார். இது வேலைக்கு ஆகாது என்று இஸ்திரிக்காரர் பொருளைக் கைகழுவிவிட்டு, வாக்கியங்களை மட்டும் வரிசையாக மனப்பாடம் செய்தார்.

நேர்காணலில் துரை கால்மேல் கால் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார். "லேசினஸ் இஸ் எ டிசீஸ்."

கேள்வியா, திட்டா? இஸ்திரிக்காரருக்குப் பிடிபடவில்லை. வாய் மட்டும் பழக்கதோஷத்தில் அடுத்த வரியைச் சொல்லிவிட்டது. "லெமன் இஸ் யெல்லோ."

துரையின் கால் கீழே இறங்கியது. "லயன் லிவ்ஸ் இன் த ஃபாரஸ்ட்," என்றார் மெல்ல.

"லக்கேஜ் இஸ் ஹெவி. மாஸ்டர் இஸ் ஆல்வேஸ் ரைட்."

துரை எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்தவர் வாயில் இங்கிலீஷ் இல்லை.

"உன்னோடதுல எம் இருக்கா?"

"இசட் வரைக்கும் இருக்கு சார்."

"என்னோடது எல்லுக்கு அப்புறம் கிழிஞ்சு போச்சுப்பா. பதினஞ்சு வருஷமா அதை வச்சே ஓட்டிக்கிட்டிருக்கேன்." சாத்திய கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "நாளையிலேருந்து நாற்காலில உக்காரு. புத்தகத்தை மட்டும் கொண்டாந்து குடுத்துடு."

இஸ்திரிக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் புத்தகத்துக்கு அட்டை போட உட்கார்ந்தார். கதையைக் கேட்ட மனைவி அதைப் பிடுங்கி, எம் தொடங்கும் தாளை மட்டும் கிழித்து அவர் சட்டைப்பையில் வைத்தாள்.

"மொத்தமா குடுத்துட்டு மறுபடியும் நிக்கப் போறீங்களா? மூணு மாசத்துக்கு ஒரு தாள். இசட் வர்றதுக்குள்ள நீங்க ரிடையர் ஆயிடலாம்."