ஐந்து டன் பலகை

போருக்கு முன்பு ஹல்மே பதினோரு பாலங்கள் கட்டியவர். ஒவ்வொன்றிலும் முதல் வண்டி ஏறும்போது அடியில் போய் நிற்பார். கட்டியவன் நிற்க வேண்டும் என்பது அந்தத் தொழிலின் வழக்கம். போர் வந்து அவரைக் கேப்டன் ஆக்கியது. உடுப்பு மாறியதே தவிர புத்தி மாறவில்லை.

1944 கோடையில், கிழக்கு பின்லாந்தின் ஒரு காட்டாற்றில் அவருடைய ஆட்கள் மரப்பாலம் போட்டார்கள். படை பின்வாங்கிக்கொண்டிருந்தது, அடியில் நிற்க அவகாசமில்லை. பத்து டன் தாங்கும் என்றது கணக்கு. ஊரில் செய்வதுபோல பாதுகாப்புக்காக அதைப் பாதியாக்கி, 'ஐந்து டன்' என்று பலகையில் எழுதி நட்டுவிட்டு அடுத்த ஆற்றுக்குப் போனார்.

மறுநாள் காயம்பட்டவர்களோடு ஏழு டன் லாரி ஒன்று வந்தது. டிரைவர் பலகையைப் படித்தான். எங்கள் பின்லாந்து ஆட்களுக்கு எழுதி வைத்தால் போதும், வாய் திறந்து கேட்க மாட்டார்கள். அவனும் கேட்காமல், பாலத்தை விட்டுவிட்டு வண்டியை ஆற்றில் இறக்கினான். நடு ஆற்றில் சக்கரம் புதைந்து நின்றபோது பீரங்கிக் குண்டு விழுந்தது. பதினான்கு பேர் செத்தார்கள்.

அதன் பிறகு ஹல்மே எந்தப் பாலத்துக்கு எண் எழுத உட்கார்ந்தாலும், அந்தப் பதினான்கு பேரும் தோளுக்குப் பின்னால் வந்து எட்டிப் பார்த்தார்கள். ஏழு வருடம் பொறுத்தார். பிறகு அந்த ஆற்றுக்கே போனார். அன்று பாலத்துக்குக் காவல் நின்ற வில்யோ இப்போது அதே வழியில் மரலாரி ஓட்டிக்கொண்டிருந்தான்.

"பலகை எங்கடா?"

"போன குளிருக்கு எவனோ அடுப்புல வெச்சுட்டான், கேப்டன். நல்லா எரிஞ்சிருக்கும்."

"உன் வண்டி எவ்வளவு?"

"மரத்தோட ஒம்பது."

ஹல்மே சரிவில் இறங்கிப் பாலத்தடியில் நின்றார். கட்டைகள் கறுத்து, பாசி பிடித்திருந்தன.

"ஓட்டு!"

"ஐயோ, மேல வாங்க கேப்டன்! இத்துப்போன மரம். விழுந்து தொலைச்சா?"

"விழணும்னுதான்டா வந்திருக்கேன். விழுந்தா நான் எழுதினது சரி."

வில்யோ திட்டிக்கொண்டே வண்டியை எடுத்தான். தலைக்கு மேல் ஒன்பது டன் மெல்ல உருண்டது. தொப்பியில் கொஞ்சம் மரத்தூள் உதிர்ந்தது. அவ்வளவுதான்.

"இருக்கீங்களா கேப்டன்?" அக்கரையிலிருந்து வில்யோ கத்தினான்.

ஹல்மே தூளைத் தட்டவில்லை. அவர் முகம் நனைந்திருந்தது.

"இன்னும் கொஞ்சம் மரம் ஏத்திட்டு வாடா," என்றார்.