கோபோ தூக்கிய கால்

இவாசே தன் நாயை அடிக்கிறார் என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

பார்த்தால் சாது. எங்கள் விலங்கு மருத்துவமனை வாசலிலேயே இடுப்பு வளையக் குனிந்து வணங்குவார். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. நான் முன்பு இரவு ஷிப்டில் சாப்பாட்டுப் பெட்டி அடுக்கிய ஆலையில் வறுத்த மீனைத் திருடியவனும் இப்படித்தான் குனிவான்.

அவர் நாய் கோபோ, நீள உடம்பும் குட்டைக் கால்களும் கொண்ட டாக்ஸண்ட் வகை. முதுகெலும்பு டிஸ்க் பிதுங்கி, அறுவை சிகிச்சை முடிந்து, பின்னங்கால்கள் பாதி உயிரோடு எங்களிடம் வந்தது. பிசியோதெரபிஸ்ட் சகாகி அதைத் தண்ணீர் நிரப்பிய கண்ணாடித் தொட்டிக்குள் ஓடும் பட்டையில் நடக்க விடுவாள். இடுப்பைப் பிடித்துக்கொள்வது என் வேலை. பின்னங்கால்கள் தேறி வந்தன. சிக்கல் முன்னங்காலில். இவாசே உள்ளே வந்ததும் வலது காலைத் தூக்கிவிடும். பின்னால் பலம் போதாது, அப்படியே சாயும். வேறு யார் வந்தாலும் தூக்காது. அழுத்திப் பார்த்தோம், எக்ஸ்ரே எடுத்தோம், ஒன்றுமில்லை.

"வலி இல்ல, பயம்," என்றேன். "மிதிச்சிருக்காரு."

"ஹோரி, துப்பறியவா உன்னை வெச்சிருக்கு? துண்டைப் பிழி," என்றாள் சகாகி. ஆனால் இவாசேயின் மகளுக்குப் போன் செய்தது அவள்தான்.

மகள் மிசாகோ செண்டாய் நகரத்திலிருந்து நாய்க்கூடையோடு வந்து இறங்கினாள். "இன்னைக்கும் காலைத் தூக்கினா கோபோவைக் கூட்டிட்டுப் போயிடுவேன்," என்றாள். மனைவி இறந்தபிறகு இவாசேவுக்கு வீட்டில் வேறு துணை இல்லை. எனக்கு அது தெரியும். இருந்தும் கூட்டிப் போகட்டும் என்றே நினைத்தேன்.

கோபோ தண்ணீரில் நடந்துகொண்டிருந்தது. இவாசே வந்தார், செருப்பு மாற்றினார், குனிந்தார்.

"மன்னிக்கணும், ஒதேஅராய் வரைக்கும் போயிட்டு வந்துடறேன்," என்றார், கழிப்பறைப் பக்கம் கைகாட்டி.

கோபோ வலது முன்னங்காலைத் தூக்கியது. சாய்ந்தது. நான் பிடித்தேன்.

"அப்பா, கோபோ கையை என்ன பண்ணீங்க?"

இவாசே அப்போதுதான் மகளைப் பார்த்தார், பிறகு கூடையை. விறுவிறுவென்று கழிப்பறைக்குள் புகுந்து தாழிட்டார்.

"பாத்தீங்களா, ஓடுறாரு," என்றேன்.

மிசாகோவுக்குக் கண் கலங்கியது. எங்கள் முன்னால் அழ விருப்பமில்லை போல, சகாகியிடம் மெதுவாகக் கேட்டாள்: "இங்க வேற ஒதேஅராய் இருக்கா?"

கால் தூக்கியது.

சகாகி பட்டையை நிறுத்தினாள். "இன்னொரு தடவை சொல்லுங்க."

"எதை? ஒதேஅராயா?"

மறுபடியும் தூக்கியது.

"ஒதே," என்றாள் சகாகி, கையை நீட்டி.

'ஒதே' என்றால் கையைக் கொடு. எங்கள் ஊர் நாய்கள் முதலில் கற்கும் பாடம். கோபோ காலை அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டுத் தின்பண்டத்துக்கு அவள் முகத்தைப் பார்த்தது. 'ஒதேஅராய்' என்பதில் மீதி வார்த்தை அதற்கு எதற்கு? நாங்கள் இங்கே 'டாய்லெட்' என்போம், அதனால்தான் எங்களுக்கு அது தூக்கவில்லை.

"குட்டியில நான்தான் பழக்கினேன்," என்றாள் மிசாகோ. "வீட்ல அப்பா கக்கூஸ்னுதான் சொல்வாரு. வெளியில வந்தாத்தான் இந்த மரியாதைப் பேச்சு."

இவாசே கைக்குட்டையில் கையைத் துடைத்தபடி வெளியே வந்தார். சகாகி விஷயத்தை, என் சந்தேகத்தையும் சேர்த்து, சொன்னாள். அவர் என் பக்கம் திரும்பினார்.

"அப்ப நான் மிதிக்கலையா, தம்பி?"

நான் துண்டைப் பிழிந்தேன். அதில் தண்ணீரே இல்லை.

மிசாகோ கூடையை மடித்துச் சுவரோரம் சாய்த்தாள். சாய்த்தவள் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒவ்வொரு தடவையும் வந்ததும் வராததுமா கக்கூஸுக்குத்தான் போறீங்களா? வீட்லயும் இப்படித்தானா?"

"குளிருக்கு அப்படித்தான் இருக்கும்."

"யாரு சொன்னா? டாக்டரா?"

"நீ ரயிலுக்குக் கிளம்பு."

"நான் போகல."

சகாகி பட்டையை ஓடவிட்டாள். இவாசே கொஞ்ச நேரம் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி மாறி நின்றார். பிறகு, "மன்னிக்கணும், ஒதே—" என்று ஆரம்பித்து, கோபோவைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"கக்கூஸ்," என்றார்.

கோபோ நாலு காலிலும் நடந்தது. அதை யாரும் பார்க்கவில்லை, எல்லோரும் இவாசேவைத்தான் பார்த்தோம். இப்போதுதானே போய்விட்டு வந்தார்.