எதிர்வீட்டில் உலகம் முடியும் வருஷம்

எதிர்வீட்டு லியோனார்ட் வாரத்துக்கு இரண்டு முறை உலகத்தை முடித்துவைப்பார். துறைமுகத்தில் கிளார்க் உத்தியோகம். சாயங்காலம் வந்ததும் கைலியைக் கட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவார். ஜனங்கள், சோறு, ஃபேக்டரி, புகை, பூமிக்குள் மிச்சமிருக்கும் எண்ணெய், எல்லாவற்றையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு நூறு வருஷம் ஓட்டிப் பார்ப்பார். 2031 வந்ததும் ஜனத்தொகைக் கோடு தொப்பென்று விழும். இது ராயபுரத்தில் எங்கள் தெருவுக்கே தெரியும். எனக்குக் கொஞ்சம் முன்னாடியே தெரியும். எங்கள் ஜன்னல் அப்படி.

அந்தக் கோடு நிமிராமல் பிள்ளை வேண்டாம், பட்டினியில் சாகவா பெற்றுப்போடுவது என்று கல்யாணமான புதிதில் மனைவி கரோலினிடம் சொல்லிவிட்டாராம். அது தொண்ணூற்றிரண்டு. அப்போது கிராஃப் பேப்பர், அப்புறம்தான் கம்ப்யூட்டர். கம்ப்யூட்டர் வந்த இந்தப் பன்னிரண்டு வருஷமாக அவள் கதவோரம் நின்று பார்ப்பாள். கோடு விழும். அடுப்படிக்குப் போய்விடுவாள்.

போன ஞாயிற்றுக்கிழமை கறிவேப்பிலை கேட்கிற சாக்கில் உள்ளே போனேன். மேஜையில் ஒரு கட்டுக் காகிதம், எல்லாம் பெயர்கள். உலகக் கணக்கெல்லாம் ஆபீசில் உட்கார்ந்து எழுதியது, நம்ப முடியாது என்றார் லியோனார்ட். அதனால் பிறப்பு இறப்பு விகிதத்தை மட்டும் நம் மாதா கோயில் புத்தகத்திலிருந்து எடுத்தாராம். ஞானஸ்நானம் என்றால் பிறப்பு, அடக்கம் என்றால் இறப்பு. கோயில் புத்தகம் பொய் சொல்லாதாம்.

புரட்டினேன். முதல் பக்கத்திலேயே, அடக்க வரிசையில், அம்புரோஸ்.

"இவுரு மணலி புதுநகருக்குக் குடிபோயி இருவது வருசமாச்சே. அப்பா கல்லறையிலயே போடணும்னு பாடிய மட்டும் இங்க எடுத்தாந்தாங்க. பேரப்புள்ளைங்க ஆறுக்கும் ஞானஸ்நானம் அங்கதான். இன்னா லியோனார்ட்டு, பொறப்பை அங்க வுட்டுட்டு சாவை மட்டும் எண்ணிகினு கீறியே?"

அவர் பென்சிலை நீட்டினார். நானூறு பெயரில் நூற்றறுபதை அடித்தேன். யார் எங்கே குடிபோனார்கள் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

மறுபடி ஓட்டினார். 2031 வந்தது, போனது. கோடு விழவில்லை. 2080 வரைக்கும் போய் மெல்லத்தான் சாய்ந்தது. கரோலினைக் கூப்பிட்டார். ஈரக்கையோடு வந்து நின்றாள்.

"விழலை பாரு, கரோ. இப்ப பெத்துக்கலாம்."

அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு மாசாமாசம் வர்றது நின்னு ஒரு வருசம் ஆச்சு."

அவர் என் முகத்தைப் பார்த்தார். எனக்கு இது முன்னாடியே தெரியும் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. நான் காகிதத்தைப் பார்த்தேன்.

கரோலின் அடுப்படிக்குப் போய்விட்டாள். லியோனார்ட் மறுபடி முதலிலிருந்து ஓட்டினார். கோடு இந்தத் தடவையும் விழவில்லை.

அந்தக் கட்டு அதற்கு முன்னால் ஐந்து வருஷமாக அதே மேஜையில்தான் கிடந்தது. எங்கள் ஜன்னலிலிருந்து காகிதம் தெரியும். எழுத்துதான் தெரியாது.