பேசக்கூடாத டீச்சர்

கப்பலில் கயிறு இழுக்கிறவனுக்கு இலக்கணம் எதற்கு என்றுதான் நானும் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பன்றி மட்டும் கட்டை அறுத்துக்கொண்டு ஓடாமல் இருந்திருந்தால் இன்றைக்கும் அப்படியே நினைத்துக்கொண்டிருப்பேன்.

எங்கள் தீவுகளின் தலைநகர் சுவாவிலிருந்து வடக்குத் தீவின் சவுசவுவுக்குக் கப்பல் வந்துகொண்டிருந்தது. யாரோ கல்யாணத்துக்கென்று ஏற்றிய பன்றி, வண்டிகள் நிற்கும் கீழ்த்தளத்தில் கட்டை அறுத்துக்கொண்டு லாரிகளுக்கடியில் புகுந்து, ஒரு டிரைவரின் காலைக் கடித்து, கடைசியில் ஒரு பாதிரியாரின் காருக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டது. அன்றைக்குக் கீழ்த்தளத்துக்குப் பொறுப்பு நான். நடந்ததை இங்கிலீஷில் எழுதிக் கொடு என்றார் கேப்டன் தனியேலா. நானும் ஒரு பக்கம் நிறைய எழுதிக் கொடுத்தேன். சாப்பாட்டு நேரத்தில் எல்லார் முன்னாலும் அதைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். பாதியிலேயே அவருக்கு மூச்சு வாங்கியது. தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். மறுபடியும் மூச்சு வாங்கியது.

"பெதேலி, இதுல எங்கயாவது நிறுத்துவியா, இல்ல நான் செத்துதான் நிறுத்தணுமா?" என்றார்.

முழுப் பக்கமும் ஒரே வாக்கியம். மரவள்ளிக் கிழங்கின் மேல் உப்புத் தூவுகிற மாதிரி நடுநடுவே கால்புள்ளி மட்டும் தூவியிருந்தேன். அதைவிடக் கேவலம், நான் எழுதியபடி பார்த்தால் பாதிரியாரைக் கடித்தது டிரைவர். கார் ஓட்டியது பன்றி. ஒரு வாரத்துக்குக் கப்பலில் யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. பன்றிக்கு லைசென்ஸ் வந்துவிட்டதா என்று மட்டும் விசாரித்தார்கள்.

என் மேல் என்ன தப்பு? எங்கள் ஊரில் ஒருவர் பேச எழுந்தால், சபை நடுவில் வைத்த கவாப் பாத்திரம், லேசாகப் போதை தரும் வேர்ச்சாறு அது, காலியாகும் வரை உட்கார மாட்டார். முற்றுப்புள்ளி வைப்பது மரியாதை இல்லாத வேலை என்றே நம்பி வளர்ந்தவன் நான். இதைக் கேப்டனிடம் விளக்கமாகச் சொன்னேன். அதற்கும் அவருக்கு மூச்சு வாங்கியது.

விஷயம் சிரிப்போடு போயிருந்தால் பரவாயில்லை. எங்கள் மேட் அந்த வருடம் ஓய்வு பெறப்போகிறார். மேட் என்றால் கேப்டனுக்கு அடுத்த ஆள். தனி அறை, வெள்ளைச் சட்டை, கரை சேரும்போது மைக்கைப் பிடித்துப் பயணிகளிடம் பேசுகிற உரிமை, எல்லாம் உண்டு. கடல் எனக்குத் தெரியும். இயந்திரம் இருமினால் எந்த உறுப்பில் சளி என்று சொல்வேன். ஆனால் இங்கிலீஷ் பரீட்சையில் தேறாதவனுக்கு அந்த வேலை கிடையாது. தேறாவிட்டால் யாருக்குப் போகும் தெரியுமா? என் மனைவியின் தம்பி சாகியுசாவுக்கு. அவனும் எங்கள் கப்பலில்தான் வேலை, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கினவன். "மாமா, நான் மேட் ஆனதும் உங்களுக்கு லேசான கயிறா பார்த்துக் கொடுக்கறேன்" என்று என் வீட்டில், என் தட்டில் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். அன்றைக்கே முடிவு செய்தேன், வகுப்புக்குப் போவதென்று.

சவுசவுவில் கப்பல் கட்டிக் கிடக்கும் சனிக்கிழமை மத்தியானங்களில், கடலோரப் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கு வகுப்பு. தலைக்கு எண்ணெய் வைத்து, இஸ்திரி போட்ட சட்டையும் புதுப் பேனாவுமாகப் போய் நின்றேன். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த டீச்சர் திரும்பினார். பேனா என் கையிலிருந்து விழுந்தது.

மெரியோனி. என் பெரியப்பா மகள். என் அக்கா.

அக்காவென்றால் ஓடிப்போய்க் கையைப் பிடிக்க வேண்டியதுதானே என்பீர்கள். எங்கள் வழக்கத்தில் அக்காள் தம்பி ஓரளவு வளர்ந்தபின் நேருக்கு நேர் பேசக்கூடாது. கோபதாபம் ஒன்றும் இல்லை, மரியாதை. இப்போதெல்லாம் டவுனில் இருப்பவர்கள் இதைத் தளர்த்திவிட்டார்கள். எங்கள் குடும்பம் தளர்த்தாது. எங்கள் குடும்பம் எதையுமே தளர்த்தாது, இடுப்புப் பட்டியைத் தவிர. அக்காவுக்குச் சவுசவுவுக்கு மாற்றல் ஆகியிருப்பது தெரியும். குழந்தைகளுக்குப் பாடம் எடுப்பார் என்று நினைத்தேனே தவிர, என்னைப் போன்ற தடிமாடுகளுக்கும் எடுப்பார் என்று நினைக்கவில்லை.

திரும்பிப் போய்விடலாம் என்று கால் நகர்ந்தது. சாகியுசாவின் முகம் கண்ணுக்குள் வந்தது. கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

பக்கத்தில் திரேன். டாக்ஸி ஓட்டுகிறவன், இந்திய வம்சம். ஆக்லாந்தில் இருக்கும் மகளோடு போய்ச் சேர விசா வேண்டும், விசாவுக்கு இங்கிலீஷ் வேண்டும். எங்கள் வழக்கம் அவனுக்கு அத்துப்படி. அக்கா என் பக்கம் பார்க்காமலே, "திரேன், பக்கத்துல இருக்கறவர் கிட்ட கேளுங்க, இந்த வாக்கியத்துல எழுவாய் எங்கன்னு" என்றார். திரேன் என் பக்கம் திரும்பினான். முகமெல்லாம் பல்.

"மச்சான், உன் வாக்கியத்துல எழுவாயக் காணமாம். கடல்ல தள்ளி விட்டுட்டியான்னு கேக்கறாங்க."

அன்றிலிருந்து அதுதான் ஏற்பாடு. அக்கா திரேனிடம் சொல்வார். திரேன் தன் மசாலாவைச் சேர்த்து என்னிடம் சொல்வான். நான் பதிலை அவன் காதில் சொல்வேன். அவன் அதை இன்னொரு தடவை தாளித்து அக்காவிடம் சேர்ப்பான். வகுப்பு முழுக்க எங்கள் பெஞ்சைத்தான் வேடிக்கை பார்த்தது. ஒரு நாள் அக்கா அவனிடம் ஏதோ மெதுவாகச் சொன்னார். அவன் என்னிடம், "வகுப்புலயே நீதான் கெட்டிக்காரனாம்" என்றான். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்லி, அவள் தன் தம்பிக்குப் போன் போட்டுச் சொல்லி, ஊரெல்லாம் பரவிய பிறகு திரேன் உண்மையைச் சொன்னான். மழைச்சாரல் அடிக்கிறது, ஜன்னலைச் சாத்தச் சொல்லு என்றுதான் அக்கா சொன்னாராம்.

ஆனாலும் படித்தேன், பொய் சொல்லவில்லை. வாக்கியத்துக்கு ஒரு தலை, ஒரு வால் உண்டென்று புரிந்தது. செயப்பாட்டு வினை வந்தபோது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கயிறு அறுக்கப்பட்டது, பன்றி அவிழ்க்கப்பட்டது. யார் அறுத்தார், யார் அவிழ்த்தார் என்று சொல்லவே வேண்டாம்! கப்பல்காரனுக்கென்றே செய்த இலக்கணம் இது. அக்காவுக்கும் அந்தப் பாடம்தான் மிகப் பிடித்திருந்தது. "ஜன்னல் சாத்தப்பட வேண்டும்" என்று கூரையைப் பார்த்துச் சொல்வார். நான் எழுந்து சாத்துவேன். திரேனுக்கு வேலை குறைந்து முகம் தொங்கிப்போயிற்று.

முற்றுப்புள்ளி மட்டும் என்னிடம் வரவே மாட்டேன் என்றது. பென்சில் அந்த இடத்துக்கு வரும், தயங்கும், ஒரு வாலைப் போட்டுக் கால்புள்ளியாக்கிவிட்டு ஓடிவிடும். அக்கா சிவப்பு மையில் ஒவ்வொரு இடத்திலும் ஒரு புள்ளி குத்திக் கொடுப்பார். என் தாளுக்கு அம்மை போட்டிருந்தது.

பரீட்சை வந்தது. எழுத்துப் பரீட்சையைக் காலையில் எப்படியோ எழுதி முடித்தேன். மத்தியானம் பேச்சுப் பரீட்சை. அதற்குத் தேர்வாளர் ஒருவர் சுவாவிலிருந்து வருவதாக இருந்தது. எந்தக் கப்பலில் என்று கேளுங்கள். என் கப்பலில். நான் லீவு போட்டுவிட்டுக் கரையில் இருந்த ஒரே நாளில் இயந்திரம் படுத்துவிட்டது. அந்த மனுஷர் நடுக்கடலில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். சுவாவிலிருந்து போன் வந்தது: உள்ளூர் டீச்சரே பரீட்சை நடத்தட்டும், பேச்சைப் பதிவு செய்து அனுப்பட்டும், மதிப்பெண் நாங்கள் போடுகிறோம், அறைக்குள் மூன்றாவது ஆள் கூடாது.

திரேன் தன் பரீட்சையை முடித்து வெளியே வந்தான். "உனக்காக நானும் உள்ள இருக்கேன்னு கெஞ்சிப் பார்த்தேன், மச்சான். ஆகாதுன்னுட்டாங்க" என்றான். முதல் முறையாக அவன் சிரிக்கவில்லை.

வாசலிலேயே நின்றேன். உள்ளே போய்ப் பேசினால் வழக்கம் போயிற்று. பேசாவிட்டால் வேலை போயிற்று. இத்தனை வருடம் என்னிடமிருந்து ஒரு சொல் வாங்காத அக்காவிடம், வெள்ளைச் சட்டைக்காகவா வாயைத் திறப்பது? நினைக்கவே எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் போனேன். மானம் கெட்டவன்தான் நான்.

மேசைக்கு அந்தப் பக்கம் அக்கா. இந்தப் பக்கம் நான். நடுவில் பதிவு செய்கிற சின்னப் பெட்டி, சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கதவை அகலத் திறந்து வைத்திருந்தார். வெளியே தென்னை மட்டை ஒன்று விழுந்தது. அந்தச் சத்தமும் பதிவாகியிருக்கும்.

அப்புறம் அக்கா பெட்டியைப் பார்த்தார். நிமிராமல், நிதானமான இங்கிலீஷில் பெட்டியிடம் சொன்னார்:

"வந்திருப்பவரிடம் சொல்லவும். அவர் வெகுநாளாக அறிந்த ஒருவரைப் பற்றிப் பேச வேண்டும்."

அடி சக்கை! என் அக்கா மூளையே மூளை. அறைக்குள் மூன்றாவது ஆள் இருந்தது. அதற்குக் கை கால் இல்லை, அவ்வளவுதான். நானும் பெட்டியிடம் குனிந்தேன்.

கேப்டனைப் பற்றிப் பேசலாம் என்றுதான் மனப்பாடம் செய்து வந்திருந்தேன். வாயைத் திறந்ததும் வேறு வந்தது.

"எனக்கு ஒரு அக்கா இருக்கிறார்" என்றேன். "நாங்கள் ஒரே வீட்டில் வளர்ந்தோம். ஒரு நாள் பவளப்பாறையில் என் கால் கிழிந்தது. அக்கா என்னை முதுகில் தூக்கினார். மருந்துக் கொட்டகை தூரம். வழி முழுக்க நான் அழுதேன். வாசலில் அக்கா சொன்னார். அழாதே, வந்துட்டோம். அந்த வருடமே நாங்கள் வளர்ந்துவிட்டதாகப் பெரியவர்கள் சொன்னார்கள். பேச்சு நின்றது. அதுதான் அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது. எனக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. இன்னும் அதை நினைத்துக்கொள்கிறேன். அவர் என் பக்கத்தில் இருக்கும்போதும் எனக்கு அவர் இல்லாத குறை இருக்கிறது."

அதோடு முடிந்தது. என்னிடம் வேறு சொல் இல்லை. என் வாழ்க்கையில் நான் முதல் முறையாக வாக்கியத்தை வாக்கியமாக நிறுத்திப் பேசியது அன்றைக்குத்தான் என்று வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. அழுகையை அடக்க ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தினேன், வேறொன்றும் இல்லை.

அக்கா பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கை உறிஞ்சினார். "நேரம் முடிந்தது என்று அவரிடம் சொல்லவும்" என்றார். கை பொத்தான் வரை போய் நின்றது. பிறகு எங்கள் பாஷையில், அதே பெட்டியிடம், "அன்னிக்கு முதுகுல ரொம்ப கனம் கனத்தான். அதையும் சொல்லு" என்று சொல்லிவிட்டு அணைத்தார்.

முடிவு வந்தது. எழுத்தில் மயிரிழையில் தேறியிருந்தேன். பேச்சில் நல்ல மதிப்பெண். கீழே சுவாக்காரர்கள் ஒரு குறிப்பும் சேர்த்திருந்தார்கள்: தேர்வு நடத்தியவருக்கு உரையாடல் பழக்கம் போதாது, பயிற்சி தேவை. திரேன் அதைப் படித்துவிட்டு டாக்ஸியை ஓரங்கட்டி இறங்கிச் சிரித்தான். அவனுக்கும் விசா வந்துவிட்டது. சாகியுசா வீட்டுக்கு வந்து வாழ்த்தினான். லேசான கயிறாகப் பார்த்துக் கொடுத்தேன்.

நான் மேட் ஆன பிறகு, பள்ளி விடுமுறை முடிந்து எல்லாரும் சவுசவு திரும்புகிற பயணம். மேல்தளத்தில் ஜனக்கூட்டம். பாய்கள், கிழங்கு மூட்டைகள், தூங்கும் குழந்தைகள். நடுவில் அக்கா, மடியில் ஒரு கட்டு விடைத்தாளும் கையில் சிவப்புப் பேனாவுமாக. நான் வெள்ளைச் சட்டையில் அந்தப் பக்கமாகத் தேவையே இல்லாமல் இரண்டு தடவை நடந்தேன். அக்கா ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்கவும் கூடாது.

விடிந்து வெயில் வந்தது. துறை தெரிந்தது. மைக்கை எடுத்தேன். பயணிகள் கவனத்துக்கு, உடைமைகளைச் சரிபார்க்கவும் என்று எழுதி வைத்த அறிவிப்பு முன்னால் இருந்தது. அதைப் படித்து முடித்தேன். மைக்கை வைக்கக் கை வரவில்லை.

"இது சவுசவு." என்றேன். கப்பல் முழுக்க என் குரல் கேட்டது. "யாரும் அழ வேண்டாம். வந்துட்டோம்."

மேல்தளம் முழுக்கச் சிரித்தது. அழுதுகொண்டிருந்த ஒரு குழந்தை நிஜமாகவே நிறுத்திவிட்டது. கேப்டன் தனியேலா என் வாயை மோந்து பார்த்து, காலையிலேயே கவா போட்டியா என்று கேட்டார். நான் கண்ணாடி வழியாகக் கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா எழுந்து நின்றிருந்தார். பையைக் கீழே வைத்துவிட்டு, மடித்த துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

இறங்கும் பலகையில், கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த சாகியுசாவிடம் நின்று ஏதோ சொன்னார். அவன் மேலே ஓடி வந்தான்.

"மாமா, அந்த டீச்சர் உங்க கிட்ட சொல்லச் சொன்னாங்க. மூணு வாக்கியம். மூணும் சரியா முடிஞ்சிருக்காம்" என்றான். "என்ன மாமா அது?"

வானிலை விஷயம் என்று சொல்லி அவனைக் கயிற்றுக்கு அனுப்பினேன்.